ஈசான மூலைக் கிணறுகள்

எங்கள் ஒழுங்கையில் பிறக்கிற பிள்ளைக்குக்கூடத் திசை தெரியும் என்று நான் பகிடி விடுவதுண்டு. எல்லாம் மாமாவால்தான். மாமா என்றால் என் கணவரின் தகப்பன். கிளிநொச்சியில் பெரிய வீதியிலிருந்து உள்ளே இறங்கும் இந்த ஒழுங்கை முழுவதும் ஒரு காலத்தில் அவருடைய மேட்டுக் காணி. குடியேற்றத் திட்டத்தில், குளத்துக்குக் கீழே வயலும் குடியிருக்க மேட்டுக் காணியுமாகக் கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தகப்பனோடு பொடியனாக வந்து காடு வெட்டியவர் அவர். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது தென்னைகளில் பாதிக்குத் தலையே இருக்கவில்லை.

பிறகு ஊர் நகரமாகத் தொடங்கியது. வங்கிகள் வந்தன, கந்தோர்கள் வந்தன, கண்ணாடிக் கதவு போட்ட கடைகள் வந்தன. கந்தோர்களில் வேலை செய்கிறவர்களுக்கு வீடு கட்ட நிலம் தேவைப்பட்டது. மாமா காணியைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார். சட்டம் அதற்கு இடம் கொடுத்ததா என்பது வேறு கதை. அந்தக் கதையை எங்கள் பக்கத்தில் யாரும் உரத்துக் கதைப்பதில்லை.

ஆனால் மாமா காணியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை. வாங்கிய ஒவ்வொருவருக்கும் தானே நின்று மூலை காட்டிக் கொடுத்தார். விடியற்காலையில் குளித்துத் திருநீறு பூசி, கையில் நூற்பந்தோடு வந்து நிற்பார். வடகிழக்கு ஈசான மூலை, அதில் கிணறு. தென்கிழக்கு அக்கினி மூலை, அதில் குசினி. வடமேற்கு வாயு மூலை, அதில் மலசலகூடம். மேசன் வாய் திறக்க முடியாது. "இதில கை வைச்சா வீடு விளங்காது தம்பி" என்பார். படித்தவர்களும் தலையாட்டினார்கள். புது வீடு கட்டுகிறவனுக்கு ஆயிரம் பயம் இருக்கும். ஒருவர் வந்து மூலையைக் காட்டிவிட்டால் ஒரு பயமாவது குறையும்.

எங்கள் வீடும் அந்த வரிசையில்தான். கணவருக்கு வவுனியாவில் வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். நான் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் நான், மாமா, நாலாம் வகுப்புப் படிக்கும் மகள். மாமி இறந்து கனகாலம். பேத்தி என்றால் மாமாவுக்கு உயிர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் சப்பாத்தைக் கழற்றுவதும் அவர், சோறு போடுவதும் அவர். என் கறியில் உப்புக் குறை, புளி கூட என்று நாள் தவறாமல் குற்றப் பத்திரிகை வாசிக்கிற மனிதர், அவள் வடித்துக் கொடுத்த குழைந்த சோற்றை அமிர்தம் என்று சாப்பிட்டார்.

எங்களுக்குக் கிழக்கே, ஒழுங்கையின் கடைசி வீடு அக்காவுடையது. சொந்த அக்கா இல்லை. அறுபதை நெருங்கிய மனுசி, அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். மலையகத்திலிருந்து சிறுமியாகத் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். பிறகு மாமாவின் வயல் உட்படக் கண்ட கண்ட வயல்களில் நாற்று நட்டு, களை பிடுங்கி வளர்ந்தவர். அந்தக் கடைசித் துண்டு நிலத்தை அவருடைய கணவர் சாகுமுன் மாமாவிடம் வாங்கினார். அதற்கப்பால் வாய்க்கால். மாரியில் ஈரம் ஏறும், பாம்பு வரும் என்று வேறு யாரும் எடுக்காத துண்டு. அக்கா அதில் கீரையும் வெண்டியும் போட்டுச் சந்தைக்குக் கொடுக்கிறார். மகன் கொழும்பில், ஆகவே வீட்டில் தனி ஆள்.

மகளின் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் கண்டதும் அக்காதான். அவளுக்குக் காய்ச்சல் வந்து விட்டிருந்தது. சாப்பாட்டைக் கண்டால் ஓங்காளித்தாள். பள்ளிக்கூடத்தில் கண்டதையும் வாங்கித் தின்றிருப்பாள் என்று நான் ஏசிக்கொண்டிருந்தேன். கீரை தர வந்த அக்கா அவளுடைய முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, புள்ள கண்ணப் பாருங்க. இது வெறும் காய்ச்ச இல்ல."

ஆசுப்பத்திரியில் செங்கமாரி, அதாவது மஞ்சள் காமாலை என்றார்கள். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதுதான் டொக்டர் கேட்ட முதல் கேள்வி. கிணற்றுத் தண்ணீர் என்றேன். கொதிக்க வைத்தா என்றார். இல்லை என்றேன். எங்கள் கிணற்றைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. ரோசம் கூட வந்தது. பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பிள்ளை கிடந்தது. பார்த்தால் எங்களுக்கு மேற்கே இருக்கிற வீட்டுப் பிள்ளை. விசுவமடுவிலிருந்து வேலைக்காக வந்து எங்கள் ஒழுங்கையில் வீடு கட்டிய இளம் சோடியின் ஒரே மகன். அவனுடைய தாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 

பிள்ளை படுத்திருந்த நாட்களில் நான் பயந்த மாதிரி வேறெப்போதும் பயந்ததில்லை. ஷெல் விழுந்த காலத்தில்கூட, ஓடலாம், பதுங்கு குழிக்குள் இறங்கலாம் என்று ஏதோ ஒன்று செய்ய இருந்தது. இங்கே கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவள் சிறுநீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இளநீரைக் கரண்டியால் ஊட்டினேன். மாமா கீழ்க்காய்நெல்லி அரைத்துக்கொண்டு வந்து வார்டு வாசலில் நின்றார். தாதி அதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல, பிழை செய்த பொடியன் போலப் போத்தலைச் சறத்துக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த கிழமையில் பி.எச்.ஐ வந்தார். சுகாதாரப் பரிசோதகரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இளம் ஆள், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வீடு வீடாகக் கிணற்றுத் தண்ணீரைச் சின்னப் போத்தல்களில் எடுத்தார். எங்கள் கிணற்றடியில் மட்டும் கனநேரம் நின்றார். வேலிக்கு மேலால் கிழக்கே எட்டிப் பார்த்தார். பிறகு நடந்து போய் எங்கள் மலசலகூடத்தடியில் நின்று மேற்கே எட்டிப் பார்த்தார்.

"ஐயா, இந்தக் கிணறுகளுக்கு இடம் பாத்துக் குடுத்தது ஆர்?"

"நான்தான்," என்றார் மாமா நெஞ்சை நிமிர்த்தி. "எல்லாம் சாஸ்திரப்படி. ஈசான மூலை. ஒரு அங்குலம் விலகாது."

"அதுதான் ஐயா பிரச்சினை. ஒருத்தரும் ஒரு அங்குலம் விலகேல்லை."

பி.எச்.ஐ ஒரு தடியை எடுத்து முற்றத்து மணலில் கோடு கீறிக் காட்டினார். எங்கள் ஒழுங்கை கிழக்கு மேற்காக ஓடுகிறது. வீடுகள் அதன் ஒரு பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன. எங்கள் கிணறு எங்கள் காணியின் வடகிழக்கு மூலையில். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா காணியின் வடமேற்கு மூலை. அங்கே அவருடைய மலசலகூடக் குழி. எங்கள் குழி எங்கள் வடமேற்கு மூலையில். வேலிக்கு அந்தப் பக்கம் விசுவமடுச் சோடியின் கிணறு. அவர்களுடைய குழிக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுக் கிணறு. ஒழுங்கை தொடங்குகிற இடம் வரைக்கும் இப்படியே. ஒவ்வொரு வேலியிலும் ஒரு கிணறும் ஒரு குழியும் முதுகோடு முதுகு வைத்துக்கொண்டு குந்தியிருந்தன.

நான் வாயில் கை வைத்தேன். இத்தனை வருசம் அந்தக் கிணற்றடியில் நின்று உடுப்புத் தோய்த்திருக்கிறேன். வேலிக்கு அங்கால் இருக்கிற தகரக் கூரை என்னவென்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது அவர்களுடையது, இது எங்களுடையது. வேலி போட்டுவிட்டால் மண்ணுக்குக் கீழேயும் வேலி போட்ட மாதிரித்தான் நினைப்பு.

உண்மையைச் சொன்னால் முதலில் எனக்குக் கோபம் அக்கா மேல்தான் பொங்கியது. என்னுடைய பிள்ளையைக் கட்டிலில் போட்டது அந்தக் குழி. போய் நாலு வார்த்தை கேட்கத் திரும்பினேன். திரும்பியபோது என் கண்ணில் பட்டது எங்கள் குழியும் அதற்கப்பால் தெரிந்த மேற்கு வீட்டுக் கப்பியும். அந்தப் பிள்ளையின் தாய்க்கு நான் என்ன சொல்வது? சண்டை பிடிக்க வேண்டும் போல இருக்கிறது, ஆனால் பிடிக்க ஒரு ஆள் இல்லை. அந்த மாதிரிக் கோபம் ஒருவருக்கும் வரக் கூடாது.

மாமா மணலில் கிடந்த கோட்டைப் பார்த்தபடியே நின்றார். "சாஸ்திரம் பிழை எண்டு சொல்லுறீரோ?"

"சாஸ்திரம் பிழையில்லை ஐயா. ஏக்கர் கணக்கில காணி இருந்த காலத்துக்கு அது சரி. இப்ப காணி சின்னனாப் போச்சுது."

அந்தப் பொடியன் நல்லவன். வயசாளியின் முகத்தை விழுந்துபோக விடவில்லை.

போத்தல்களின் முடிவு வந்தது. ஒழுங்கையில் ஒரேயொரு கிணறுதான் குடிக்கத் தக்கது. கடைசி வீட்டுக் கிணறு. அக்காவின் ஈசான மூலைக்கு அப்பால் குழி இல்லை, வாய்க்கால்தான் இருக்கிறது. யாரும் வேண்டாமென்று விட்ட துண்டில், பாம்பு வரும் என்று விட்ட துண்டில், நல்ல தண்ணீர் இருந்தது. மற்றக் கிணறுகளைக் குளிக்க, தோய்க்க மட்டும் பாவிக்கச் சொன்னார்கள். குழாய்த் தண்ணீர் வரும் வரைக்கும் குடிக்கிற தண்ணீரை அங்கே எடுத்து, கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடிக்கச் சொன்னார்கள். குழாய் வருவது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஒழுங்கை முகப்பில் வீதி கிண்டிக் குழாய் தாட்டது உண்மை. அதன் மேல் இப்போது புல் முளைத்திருக்கிறது.

அக்கா ஒரு வார்த்தையும் மறுத்துச் சொல்லவில்லை. வாசல் படலையைக் காலையிலும் பின்னேரமும் திறந்து வைத்தார். நான் போய் முதல் குடத்தை எடுத்தபோது எனக்குச் சொல்ல வந்தது நன்றி இல்லை, அழுகை. "புள்ளைக்கு நல்லாயிடும் தங்கச்சி" என்றார். அவருடைய குழியை மூடி வேறு இடத்தில் கட்ட வேண்டும் என்று அறிவித்தல் வந்திருந்தது. அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. எங்களுக்கும் அதே அறிவித்தல்தான்.

ஒழுங்கையே குடத்தோடு கடைசி வீட்டுக்குப் போனது. கந்தோர் உத்தியோகத்தர்கள் மோட்டார் சைக்கிளில் கான்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். போகாத ஒரே ஆள் மாமா.

"எனக்கு இந்தக் கிணத்துத் தண்ணி போதும். இவ்வளவு காலம் குடிச்சனான், என்ன வந்தது?"

"பிள்ளைக்கு வந்ததே மாமா, அது காணாதோ?"

"கொதிச்ச தண்ணியில என்ன இருக்கு? சவம் மாதிரி."

அது கொதித்த தண்ணீரின் பிரச்சினை இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரில் போட்ட தேநீரைக் குடித்தார். அந்தத் தண்ணீரில் வடித்த சோற்றைச் சாப்பிட்டார். கறி புளி என்றார், உப்பு என்றார், தண்ணீர் யாருடையது என்று கேட்கவில்லை. வெறும் தண்ணீர் என்று வரும்போது மட்டும், குசினி பைப் தண்ணீர் தொட்டி மணக்கும் என்று எழும்பிப் போய் எங்கள் கிணற்றில் வாளியை விட்டார். அக்காவின் வீட்டுப் படலைக்குள் மாமா ஒரு நாளும் காலடி வைத்ததில்லை. காணி விற்ற நாளில்கூட வேலிக்கு வெளியே நின்றுதான் மூலை காட்டினாராம். நல்லது கெட்டதுக்கு அவர்கள் எங்கள் வீட்டு முற்றம் வரை வருவார்கள். இந்தத் தண்ணீர்ப் பிரச்சினை வரும் வரை நாங்கள் அங்கே போனதில்லை. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் பேர் வைத்துக் கதைக்க மாட்டோம். ஆனால் சின்னச் சின்னத் துண்டுக் காணியில் ஒவ்வொருவரும் கட்டாயம் ஒரு கிணறு வெட்டிக்கொண்டதற்குப் பின்னால் மூலைச் சாஸ்திரம் மட்டுமா இருந்தது? இன்னொருவன் அள்ளுகிற இடத்தில் அள்ள மனமில்லாமல் ஆளுக்கொரு கிணறு வெட்டினோம். அதனால்தான் கிணறும் குழியும் இவ்வளவு நெருங்கின. என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டதற்கு இதுதான் சரியான பதில்.

எனக்குப் பொறுமை கொஞ்சம். மாமா திரும்பவும் வாளி விட்ட அன்று கப்பியிலிருந்து கயிற்றை உருவி, வாளியோடு சேர்த்து என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். "செத்தாலும் பரவாயில்லை எண்டால் சொல்லுங்கோ, திறப்பைத் தாறன்" என்றேன். மாமனாரிடம் அப்படிக் கதைக்கிற மருமகளைப் பற்றி ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும். கணவருக்கு ஃபோனில் முறைப்பாடு போனது. அவர் இரண்டு பக்கமும் "ஓம், ஓம்" என்றார். வவுனியாவில் இருந்துகொண்டு ஓம் சொல்வது லேசு.

ஒரு புதன்கிழமை கடையில் கல்யாண வீட்டுச் சட்டைகள் தைத்து முடிக்க வேண்டியிருந்தது. பின்னேரம் வீட்டுக்குப் போகப் பிந்திவிட்டது. கொதிக்க வைத்த தண்ணீர் காலையில் வைத்த ஒரு போத்தல்தான். அது காணாது என்று பாதி வழியில்தான் நினைவு வந்தது. சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்றது. டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், தண்ணீர் நிறையக் குடிக்கக் கொடுங்கள் என்று. குசினியில் பைப் இருக்கிறது. மோட்டரில் ஏறி வருவது எங்கள் கிணற்றுத் தண்ணீர். தாகத்தில் பிள்ளை தானே திறந்து குடித்துவிட்டால்? மாமாவே ஒரு தம்ளரில் பிடித்துக் கொடுத்துவிட்டால்? அவருக்கு அது நல்ல தண்ணீர்தானே.

வாசலில் மகள் கதிரையில் குந்தியிருந்தாள்.

"தண்ணி குடிச்சனீயோ?" என்று சைக்கிளை விழுத்திவிட்டுக் கேட்டேன்.

"இல்லையம்மா. போத்தல் முடிஞ்சுது. தாத்தா பைப்பில தம்ளரில பிடிச்சவர். பிடிச்சுப்போட்டுக் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டவர். பிறகு ஊத்திப்போட்டார்."

"இப்ப எங்க அவர்?"

அவள் கிழக்கே கையைக் காட்டினாள்.

ஓடினேன். அக்காவின் படலை திறந்திருந்தது. மாமா உள்ளே நின்றார். தோளில் துவாய், ஒரு கையில் எங்கள் குடம், மற்றக் கையில் வாளியும் கயிறும். என் அலுமாரியை உடைக்கவில்லை, மாட்டுக்குத் தண்ணீர் வைத்த பழைய வாளியை எங்கேயோ தேடி எடுத்திருக்கிறார். படலையில் நின்ற என்னை அவர் காணவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய், யாரையும் கூப்பிடாமல், கயிற்றைக் கப்பியில் போட்டார். எழுபதைத் தாண்டிய கைகள், கயிறு ஒழுங்காக விழவில்லை.

கீரைப் பாத்தியிலிருந்து அக்கா எழும்பி வந்தார்.

"ஐயா, ஐயா, அந்த வாளிய உள்ள விட்றாதீங்க. வெளி வாளி ஒண்ணும் கிணத்துல படக் கூடாதுன்னு பி.எச்.ஐ தம்பி சொல்லியிருக்காரு. எல்லாருக்கும் நான்தான் அள்ளிக் குடுக்கிறேன். குடத்த நீட்டுங்க, ஊத்துறேன்."

அது உண்மை. எனக்கும் அவர்தான் அள்ளி ஊற்றுவார், எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் அதைக் கேட்ட மாமா திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். வாளியை நிலத்தில் வைத்தார். அக்கா உயர்ந்த கிணற்றுக் கட்டில் ஏறித் தன் வாளியால் அள்ளினார். மாமா கீழே நின்று இரண்டு கையாலும் குடத்தை நீட்டினார்.  கொஞ்ச நேரத்தில் குடம் பாரம் கூடி, அவர் அதை மெல்ல நிலத்தில் வைத்து, அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். நிமிராமலே சொன்னார்.

"அந்த நேரம் வயலில நானும் உங்கட ஆக்களுக்கு இப்பிடித்தான் ஊத்தினனான், என்ன பிள்ளை?"

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. மாமா அந்த மனுசியைப் பிள்ளை என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அது அவருக்குத் தெரிந்த விதத்தில் ஒரு மன்னிப்பு. அதற்குமேல் அவரிடமிருந்து வராது.

அக்கா ஊற்றுவதை நிறுத்தவில்லை. குரலில் கோபமும் இல்லை, கொழுப்பும் இல்லை. வெண்டி விலை சொல்கிற குரல்.

"இல்லீங்க ஐயா. நீங்க ஒரு நாளும் ஊத்தினதில்ல. தண்ணி கேட்டா வாய்க்கால்ல போயிக் குடிக்கச் சொல்லுவீங்க."

மாமா குனிந்தபடியே இருந்தார். தண்ணீர் குடத்தின் கழுத்துக்கு வந்து, வழிந்து, அவருடைய விரல்களுக்கு மேலால் ஓடியது.

"நெறைஞ்சிருச்சு ஐயா, தூக்குங்க," என்றார் அக்கா. "புள்ள தாகத்தோட இருக்கும்."

மாமா குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தார். நான் ஓடிப்போய் வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை.